புதினா அறுவடை: வெறும் தண்ணீர், உலர்த்தல், ஜாடி – புதுப்பிப்பு

அறுவடைக்கு முன் உரத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் ஊற்றினால் புதினாவின் மணம் கூடுமா, உலர்ந்த இலையை ஜாடியில் எப்படி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அறுவடை முடிந்துவிட்டது.

வெறும் தண்ணீர், செடித் தொட்டியின் மண்ணில் தங்கிய உர உப்பைத்தான் கழுவுகிறது. இலைக்குள் ஏற்கெனவே போன சத்தை அது வெளியே இழுக்காது. மண்ணில்லா வளர்ப்பில் கடைசிச் சில நாள் உரக்கரைசலை நிறுத்தினால் இலையில் சேர்ந்திருக்கும் நைட்ரேட் (தழைச்சத்தின் ஒரு வடிவம்) குறையும், அது வேறு கணக்கு. மணத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மணத்தைக் காப்பாற்றியது உலர்த்தல்தான். பூ விரியும் முன், காலைப் பனி காய்ந்ததும் வெட்டினேன். வெயில் படாத, காற்றோட்டமான அறையில் சின்னக் கட்டுகளாகத் தொங்கவிட்டேன். சூடு 35 டிகிரியைத் தாண்டினால் வாசனை எண்ணெய் வேகமாகப் பறந்துவிடும், அதனால் அவசரப்படவில்லை.

காம்பு வளையாமல் சட்டென்று ஒடிந்த பிறகே ஜாடி. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பவில்லை. உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. மேலே மொறுமொறுப்பாக இருக்கும் இலைக்குள் இன்னும் ஈரம் இருக்கும், மூடியதும் அது மெல்ல வெளியே வந்து பரவும். ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி, உடனே வெளியே எடுத்து மறுபடி உலர்த்த வேண்டும். முதல் வாரம் தினமும் திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் அந்த ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள், தயவுசெய்து பொறுக்கி எடுக்காதீர்கள்.

அப்புறம், இலையை முழுசாகவே வையுங்கள். பயன்படுத்தும்போது மட்டும் நொறுக்கினால் போதும்.