ஸ்காலரில் எச்-இண்டெக்ஸ் 14, ஸ்கோப்பஸில் 9: எதைப் போடுவது?

அட்டவணை_ஆள்: பதவி உயர்வுக் குழுவுக்கு ஒவ்வொருவரின் எச்-இண்டெக்ஸும் (குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரை 5 இருந்தால் 5, இப்படி), அவர்கள் எழுதிய இதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டர் கூட்டுத்தொகையும் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலர் தேடலில் 14, ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தில் 9. எது சரி? கணிதத்தையும் உயிர்வேதியியலையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா?

நூலகர்_மதுரை: இரண்டுமே சரிதான். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வரும் முன் இணையத்தில் போடும் வரைவு), கருத்தரங்க மலர் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோளை எடுக்கும். ஸ்கோப்பஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும். ஒன்றை முடிவுசெய்து எல்லோருக்கும் அதையே போடுங்கள், எடுத்த தேதியையும் எழுதுங்கள்.

அதற்கு முன் ஸ்கோப்பஸில் பெயரைச் சரிபாருங்கள். நம் ஆட்களின் இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால் வரும். ஒருவருக்கே இரண்டு மூன்று ப்ரொஃபைல் உருவாகிவிடும். ஒன்றாக இணைக்கச் சொல்லி அங்கேயே கோரிக்கை அனுப்பலாம். ஸ்காலரில் சிக்கல் தலைகீழ்: அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

படிகவியல்: கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை சார். 2024இன் இம்பாக்ட் ஃபாக்டர் என்றால், 2022, 2023இல் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த ஈராண்டு ஆய்வுக் கட்டுரை, மீள்நோக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. தலையங்கத்துக்கு வந்த மேற்கோள் மேலே சேரும், தலையங்கம் கீழே சேராது.

‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ’ என்ற படிகவியல் இதழின் எண் 2008இல் 2.051, 2009இல் 49.926! படிக அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரைதான் காரணம். அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். கணக்கிலிருந்து அது விலகியதும் 2011இல் மறுபடி 2.076. இடைப்பட்ட காலத்தில் அந்த இதழில் எழுதிய மற்றவர்களுக்கும் உங்கள் அட்டவணை 50 மதிப்பெண் தந்திருக்கும்.

அட்டவணை_ஆள்: யுஜிசி விதியிலேயே இம்பாக்ட் ஃபாக்டர் இருக்கிறதே?

நூலகர்_மதுரை: இருக்கிறது. 2018 விதிமுறையில் அது படிநிலை: 1க்குக் கீழே 10 புள்ளி, 1–2க்கு 15, 2–5க்கு 20, 5–10க்கு 25, அதற்கு மேல் 30. கூட்டச் சொல்லவில்லை. விதி கேட்பதைத் தனிப் பத்தியில் நிரப்புங்கள். இம்பாக்ட் ஃபாக்டரை வெளியிடும் நிறுவனம் என்று அங்கே ‘தாம்சன் ராய்ட்டர்ஸ்’ இருக்கும், இப்போது அது கிளாரிவேட். இதழின் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். காசுக்கு ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ விற்கும் கடைகள் ஏராளம்.

புள்ளியியல்_ராணி: கணிதத்தில் மேற்கோள் பட்டியலே சிறியது, வரவும் ஆண்டுகள் ஆகும். துறைகளை ஒப்பிடவே வேண்டுமென்றால் துறை, ஆண்டு பார்த்துச் சமன்செய்த எஃப்டபிள்யூசிஐ என்ற மேற்கோள் அளவு ஸ்கோப்பஸில் உண்டு, 1.0 உலகச் சராசரி. ஆனால் தனிநபருக்குப் போடாதீர்கள். 8 கட்டுரையில் ஏழு 0.5, ஒன்று 20 என்றால் சராசரி 2.9 வரும். பார்ப்பவருக்கு உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. உண்மையில் ஏழு கட்டுரை உலகச் சராசரியில் பாதிதான். தத்தம் துறையில் அதிகம் மேற்கோள் பெற்ற முதல் 10 சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரை என்று எண்ணுவது இதைவிடப் பத்திரம்.

எச்-இண்டெக்ஸும் அப்படித்தான். மேற்கோள் 900, 6, 6, 5, 5, 1 என்றாலும் 5. 7, 6, 6, 5, 5, 1 என்றாலும் 5. குழுவிடம் ஒரு பத்தி கூடுதலாகக் கேளுங்கள்: அவரவர் தேர்ந்தெடுத்த 5 கட்டுரை, ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று நான்கு வரி. ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2012இல் தொடங்கிய டோரா என்ற சர்வதேச அறிக்கையும் இதழின் எண்ணை ஆளின் தலையில் ஏற்றாதே என்றுதான் சொல்கிறது.

அட்டவணை_ஆள்: நன்றி. சுய மேற்கோளைக் கழிக்க வழி உண்டா?

நூலகர்_மதுரை: ஸ்கோப்பஸ் ஆசிரியர் பக்கத்தில் மேற்கோள் விவரத்தைத் திறந்தால் அதற்கு டிக் பெட்டி இருக்கும். கழித்தால் எல்லோருக்கும் கழியுங்கள்.