மின்காப்புப் பொருளுக்குள் மாக்ஸ்வெல் விதிகள் மாறுகின்றனவா?

மண்டபம் மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறேன். மின்காந்தவியலின் அடிப்படை விதிகளான மாக்ஸ்வெல் சமன்பாடுகளை மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துத்தான் எழுதுகிறோம். மின்காப்புப் பொருளிலோ ஓடுவதற்குக் கட்டற்ற எலக்ட்ரான்களே இல்லை. அப்படியிருக்க, மின்னூட்டத்தையும் மின்புலத்தையும் இணைக்கும் காஸ் விதியிலும், மின்னோட்டத்தையும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதியிலும் அந்தப் பொருளுக்கு என்ன வேலை? வெற்றிடத்துக்கு ஒரு விதி, பீங்கானுக்கு வேறொரு விதி என்று இரண்டு உண்டா?

இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். தை மாதப் பனியில், விடியற்காலையில், எங்கள் தெருமுனைக் கம்பத்தில் உள்ள 11 கிலோவோல்ட் பீங்கான் இன்சுலேட்டர்கள் 'உஸ்'ஸென்று சீறுகின்றன. சில நாள்களில் நீலப் பொறியும் தெரிகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் அந்தச் சத்தம் இருப்பதில்லை. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது என்றால் இது எப்படி நடக்கிறது?

இயற்பியல் ஆசிரியர், இராமநாதபுரம்:

தம்பி, விதிகள் இரண்டு இல்லை. மாக்ஸ்வெல் சமன்பாடுகள் வெற்றிடத்தில் எப்படியோ அப்படியேதான் பீங்கானுக்குள்ளும் செல்லும். மாறுவது மின்னூட்டங்களைக் கணக்கில் எடுக்கும் முறை மட்டுமே. காப்புப் பொருளின் எலக்ட்ரான்களால் ஓட முடியாதே தவிர, அசைய முடியும். மின்புலம் பட்டதும் அணுவின் நேர்மின்னூட்டம் ஒரு பக்கமும் எதிர்மின்னூட்டம் மறுபக்கமுமாக, அணுவின் அளவைவிட மிகச் சிறிய தூரத்துக்கு விலகுகின்றன. இதுவே மின்முனைவாக்கம். பொருள் சீராக இருந்தால் உள்ளே இந்த விலகல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். பரப்பில் மட்டும் மின்னூட்டம் மிஞ்சி, உள்ளே இருக்கும் புலத்தைக் குறைக்கும்.

இந்தக் கட்டுண்ட மின்னூட்டங்களை எண்ணி மாளாது என்பதால், அவற்றை மின் இடப்பெயர்ச்சி என்ற அளவுக்குள் அடக்கிவிட்டு, காஸ் விதியைக் கட்டற்ற மின்னூட்டத்துக்கு மட்டும் எழுதுகிறோம். பொருளின் குணம் முழுவதும் ஒப்புமை விடுதிறன் (பொருளின் விடுதிறன் வெற்றிடத்தினுடையதைப் போல எத்தனை மடங்கு) என்ற எண்ணில் வந்து அமர்ந்துகொள்கிறது. அது காற்றுக்கு ஏறத்தாழ 1, பாலிஎத்திலினுக்கு 2.3, பீங்கானுக்கு 6, நீருக்கு 80. ஃபாரடே 1837-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். அவருக்கு முன்பே கேவண்டிஷ் அளந்து வைத்திருந்தும் வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை 1879-இல் பதிப்பித்தவர் மாக்ஸ்வெல்தான்.

இனி ஆம்பியர் விதி. மாறுதிசைப் புலத்தில் கட்டுண்ட மின்னூட்டங்கள் முன்னும் பின்னும் அசைகின்றன. அசையும் மின்னூட்டம் மின்னோட்டமேயன்றி வேறென்ன? அதனுடன் வெற்றிடத்திலும் உள்ள பங்கைச் சேர்த்தால் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் கிடைக்கிறது. மின்தேக்கியின் நடுவே எந்த எலக்ட்ரானும் கடந்து போகாமலேயே மாறுதிசை மின்சுற்று முழுமையடைவது இதனால்தான். ஆக, எந்தப் பொருளிலும் கடத்து மின்னோட்டம், இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்ற இரண்டும் உண்டு. எது பெரிது என்பதே கேள்வி: முன்னது பெரிதானால் பொருள் கடத்தியைப் போலவும், பின்னது பெரிதானால் காப்பைப் போலவும் நடந்துகொள்ளும்.

இதற்குக் கடத்துதிறனை, விடுதிறனையும் கோண அதிர்வெண்ணையும் பெருக்கிவரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். 50 ஹெர்ட்ஸில் பீங்கானுக்கு அந்தப் பெருக்கல் மீட்டருக்கு ஏறத்தாழ 1.7×10⁻⁸ சீமென்ஸ், நல்ல பீங்கானின் கடத்துதிறன் அதைவிட மிகமிகக் குறைவு. கடல்நீருக்குப் பெருக்கல் 2.2×10⁻⁷ என்று வருகிறது. அதன் கடத்துதிறனோ மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ், அதாவது 2 கோடி மடங்குக்கும் மேல். உங்கள் கம்பத்தில் இந்த இரண்டு பொருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மின்பாதைப் பராமரிப்பில் இருந்தவன், பாம்பன்:

ஆசிரியர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். கம்பத்தில் நடப்பதை நான் சொல்கிறேன். கடற்காற்று கொண்டுவரும் உப்பு காய்ந்திருக்கும்வரை தொல்லை தராது. பனி இறங்கியதும் அது கரைந்து, பீங்கான்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. கசிவு மின்னோட்டம் அதன் வழியே ஓடுகிறது. பீங்கானின் குறுகலான கழுத்துப் பகுதியில் மின்னோட்டம் நெருக்கியடித்துப் போவதால், அங்கே சூடேறி முதலில் உலர்ந்துவிடும். உலர்ந்த வளையத்தின் மின்தடை மிக அதிகம் என்பதால், கம்பிக்கும் தரைக்கும் இடையிலான 6.35 கிலோவோல்ட்டில் (11 என்பது இரு கம்பிகளுக்கு இடையே உள்ளது) பெரும்பங்கு ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த வளையத்தின் குறுக்கே விழுகிறது. காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட்டைத்தான் தாங்கும். நீங்கள் காணும் நீலப் பொறி அதுதான். பொறி நீண்டு மறுமுனையைத் தொட்டுவிட்டால் லைன் டிரிப் ஆகும்.

பெருமழை உப்பைக் கழுவிவிடும். தூறலும் பனியும்தான் ஆபத்து. ஆனால் மழையும் முழுதாகக் கழுவுவதில்லை. லைனை நிறுத்தி, எர்த் செய்து, மேலே ஏறிப் பார்த்தால், பீங்கானின் மேற்புறம் பளபளவென்றிருக்கும். விளிம்புக்கு அடியில் தடவினால் வெள்ளைப் பொருக்கு விரலோடு வரும், அதன் நடுவே பொறி ஓடிய பழுப்புக் கோடுகளும் தெரியும். இதனால்தான், மிகக் கடுமையான மாசுள்ள இடங்களுக்கு, பரப்பை ஒட்டி அளக்கும் கசிவு நீளம் கிலோவோல்ட்டுக்கு 31 மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 11 கிலோவோல்ட் லைனில் அனுமதிக்கும் அதிகபட்ச மின்னழுத்தமான 12 கிலோவோல்ட்டுக்கு அது 372 மில்லிமீட்டர்.

மண்டபம் மாணவன்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணே. சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்கள் கடற்கரைக்கு ஏற்றவை என்கிறார்களே, அதன் விடுதிறன் பீங்கானைவிடக் குறைவு என்பதுதான் காரணமா?

இயற்பியல் ஆசிரியர், இராமநாதபுரம்:

இல்லை. இரு பொருள்கள் சந்திக்கும் பரப்பில், பரப்பை ஒட்டிய மின்புலம் இரு பக்கமும் சமமாகவே இருக்கும். இது ஃபாரடேயின் தூண்டல் விதியிலிருந்து நேரடியாக வருவது. ஆகவே, பரப்பில் உப்புநீர்ப் படலம் தொடர்ச்சியாக இருக்கும்வரை புலத்தைத் தீர்மானிப்பது படலமே. அடியில் 6 இருந்தாலும் 3 இருந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. சிலிக்கான் ரப்பரின் சிறப்பு, நீரைப் படலமாகப் பரவவிடாமல் தனித்தனித் துளிகளாக நிறுத்துவது. அதிலிருந்து கசியும் சிறு மூலக்கூறுகள் மேலே படிந்த அழுக்கையும் நீர் ஒட்டாததாக்கிவிடுகின்றன.

விடுதிறன் உண்மையில் வேலைசெய்யும் இடம் பொருளின் உட்புறம். பீங்கானுக்குள் புலத்துக்குக் குறுக்காகத் தட்டையான ஒரு விரிசல் இருந்தால், பரப்புக்குச் செங்குத்தான மின் இடப்பெயர்ச்சி தொடர வேண்டும் என்பதால், விரிசலில் உள்ள காற்றின்மேல் பீங்கானைவிட ஏறத்தாழ 6 மடங்கு புலம் விழும். எனவே, மழை கழுவிய மறுநாள் உச்சிவெயிலிலும் உங்கள் பீங்கான் சீறினால், அது உப்பின் வேலையாக இருக்காது. விரிசலோ தளர்ந்த கட்டுக்கம்பியோ இருக்கலாம். கம்ப எண்ணைக் குறித்துப் பிரிவு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.