பெரம்பூர் வீடு – குடும்பக் குழு: மகாபாரத டிவிடியும் மாமாவின் கேசட்டும்

ஞாயிறு

பெரியப்பா: மீனா, மகாபாரதம் டிவிடி எல்லாவற்றையும் கார்த்தி கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். ஆனால் டிவியில் போட்டால் எல்லாமே 'டைட்டில் 00', 'டைட்டில் 01' என்று நிற்கிறது. அடுத்த டிஸ்க்குக்குப் போனால் மறுபடியும் 00. எது பீஷ்மர் சபதம், எது அரக்கு மாளிகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரியம்மா: சுயம்வரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், வனவாசம் ஓடுகிறது.

கார்த்தி: அதற்கு சாஃப்ட்வேர் இருக்கிறது பெரியப்பா. நெட்டில் இருந்து எபிசோட் பெயரை எடுத்து அதுவே கோப்புப் பெயரை மாற்றிவிடும். ஒரு டிஸ்க்குக்கு ஓட்டிப் பார்த்தேன். வேறு ஏதோ மகாபாரதத்தின் பெயர்கள் வந்தன, அதனால் விட்டுவிட்டேன்.

மீனா: ஃபோல்டருக்கு என்ன பெயர் வைத்திருந்தாய்?

கார்த்தி: வெறும் 'மகாபாரத்' அக்கா.

அத்தை: விஜய் டிவியில் தமிழில் பேசவைத்துப் போட்டார்களே, அதன் பெயர்களா வந்தது?

மீனா: அதுவாகத்தான் இருக்கும் அத்தை. ஸ்டார் பிளஸ்ஸில் 2013 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் வரை ஓடியது, 267 எபிசோட். பெரியப்பாவிடம் இருப்பது தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1990 ஜூன் 24 வரை ஞாயிறு காலையில் வந்த 94 எபிசோட். இரண்டுக்கும் ஒரே பெயர். ஃபோல்டர் பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் அந்த சாஃப்ட்வேர் எதை எடுக்கும்?

கார்த்தி, 'மகாபாரத் (1988)' என்று மாற்று. ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். ராமாயணத்துக்கும் இதே கதைதான், 1987 ஒன்று, 2008 ஒன்று. அதற்கும் ஆண்டைப் போட்டுவிடு. அப்படியும் தடுமாறினால், தொடர் விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையத் தளத்தின் டேட்டாபேஸில் அந்தத் தொடருக்கு ஒரு எண் இருக்கும், அதையே ஃபோல்டர் பெயரோடு சேர்த்துக் கொடுக்கலாம். நம் வீடியோக்களை டிவியில் அடுக்கிக் காட்டும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் என்ற சாஃப்ட்வேர் இரண்டும் அதைப் படிக்கும்.

பெரியப்பா: ஏன் மா, அது வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதா? பீஷ்மர் நிற்பது அதற்குத் தெரியாதா?

மீனா: தெரியாது பெரியப்பா. படத்துக்குள் என்ன ஓடுகிறது என்று அது பார்ப்பதே இல்லை. கோப்பு, ஃபோல்டர் பெயர்களை மட்டும் படிக்கிறது. பெயருக்குள் சீசன் எண், எபிசோட் எண், தேதி, தலைப்பில் வரும் சொற்கள் ஏதாவது இருக்கிறதா என்று தேடும். தி-டிவி-டிபி, டிஎம்டிபி, டிவிமேஸ் மாதிரி இணையத் தளங்களில் இருக்கும் எபிசோட் பட்டியலை வாங்கிவந்து, எது எதோடு பொருந்துகிறது என்று ஒப்பிடும். 'டைட்டில் 00' என்ற பெயரில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. நாம் முதலில் எண்ணைக் கொடுத்தால்தான் மிச்சத்தை அது செய்யும்.

கார்த்தி: அனிமேவுக்கு, அதான் ஜப்பான் கார்ட்டூன் தொடர்களுக்கு, மட்டும் வேறு மாதிரி இல்லையா அக்கா? பெயரே இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கிறதே.

மீனா: ஆமாம், அனிடிபி என்ற தளம் அப்படி. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு ஹாஷ் எடுப்பார்கள், கைரேகை மாதிரி. அதே கோப்பு வேறொருவரிடமும் இருந்து அவர் பதிந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். நீ வீட்டில் டிவிடியில் இருந்து எடுத்த கோப்பு உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அது இங்கே உதவாது.

கார்த்தி: அப்போ 94க்கும் நானே எண் போடணுமா?

மீனா: கையால் வேண்டாம். முதலில் டிஎம்டிபி பக்கத்தைத் திறந்து, 94ஐயும் ஒரே சீசனாக வைத்திருக்கிறார்களா, பிரித்திருக்கிறார்களா என்று பார். நம் கோப்புகளும் அதே மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் டிஸ்க் வாரியாக எடுத்துக்கொள். எபிசோடுகளைத் தவிர, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டும் ஒரு நீளமான கோப்பும் மெனுத் துண்டுகளும் சில டிஸ்க்குகளில் வந்திருக்கும். ஓடும் நேரத்தைப் பார்த்து அவற்றை ஒதுக்கு. மீதியை வரிசைப்படுத்தி மொத்தமாக எஸ்01ஈ01, எஸ்01ஈ02 என்று எண்ணிட்டுக்கொள். எஸ் சீசன், ஈ எபிசோட். இதுவும் ஆங்கில எழுத்தில்தான்.

இன்னொன்று, டைட்டில் எண் வரிசையும் கதை வரிசையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதே. டிஸ்க்குக்கு ஒன்றிரண்டு எபிசோடின் தொடக்கத்தை ஓட்டிப் பார்த்துவிடு.

பெரியப்பா: அதை நான் செய்கிறேன். முதல் காட்சியைப் பார்த்தாலே எந்த இடம் என்று சொல்லிவிடுவேன்.

மீனா: அதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். அப்படியே ஒரு நோட்டில் டிஸ்க் எண், டைட்டில் எண், கதை என்று எழுதி வையுங்கள் பெரியப்பா.

கார்த்தி: எந்த சாஃப்ட்வேர் அக்கா? ஃபைல்பாட் காசு கேட்கிறது.

மீனா: ஃபைல்பாட் நன்றாக இருக்கும், லைசென்ஸ் வாங்க வேண்டும். விண்டோஸுக்கு டிவி ரீநேம் இலவசம், ஓப்பன் சோர்ஸ். டைனி மீடியா மேனேஜரிலும் செய்யலாம். எதுவாக இருந்தாலும் சரி, பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். நடுவில் ஒரு எபிசோட் விட்டுப்போயிருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போய், பார்வைக்கு ஒழுங்காகவே தெரியும். ஃபைல்பாட்டில் ஹிஸ்டரிக்குப் போய்ப் பழைய பெயருக்குத் திரும்பலாம். இருந்தாலும் முதலில் ஒரு டிஸ்க்கை வேறு இடத்தில் காப்பி எடுத்து அதில் செய்துபார்.

வரிசையையும் கவனி. ஒளிபரப்பான வரிசை ஒன்று, டிவிடி வரிசை ஒன்று என்று சில தொடர்களுக்கு இரண்டு இருக்கும். ஃபயர்ஃபிளை என்று ஒரு அமெரிக்கத் தொடர், 2002இல் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. தொடக்கமாக எடுத்த கதையை டிசம்பரில் கடைசியாகப் போட்டார்கள். எடுத்த 14இல் அப்போது ஒளிபரப்பானது 11தான். டிவிடியில் எடுத்தவர்கள் நினைத்த வரிசை இருக்கிறது. டிவிடியில் இருந்து எடுத்த கோப்புக்கு ஒளிபரப்பு வரிசையில் பெயர் வைத்தால் கதையே குழம்பிவிடும். சாஃப்ட்வேரில் எந்த வரிசை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு.

மாமா: நானும் ஒன்று கேட்கட்டுமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து, வீட்டில் இருந்த பழைய விஎச்எஸ் கேசட் எல்லாவற்றையும் அதில் மாற்றி வைத்திருக்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நாடகங்கள், அப்புறம் தனியார் சேனல் வந்த புதிதில் பதிவு செய்த வாரத் தொடர்கள். அவற்றுக்கும் இது பெயர் வைக்குமா?

அத்தை: செவ்வாய்க்கிழமை நாடகங்கள் கூட இருக்கிறது மீனா. அந்த நேரத்துக்கு எங்கள் தெரு முழுக்க டிவி முன்னால்தான் இருக்கும்.

மீனா: மாமா, கேசட் மேல் ஒட்டிய லேபிள் இருக்கிறதா?

மாமா: இருக்கிறது. பால்பாயிண்ட்டில் தேதியும் பெயரும் உன் அத்தை எழுதியது.

மீனா: தயவுசெய்து ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் எல்லா லேபிளையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தேதி தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வாரத் தொடருக்கும் தினத் தொடருக்கும் எபிசோட் எண்ணைவிடத் தேதியை வைத்துப் பெயரிடுவது நல்லது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 1994-06-14 மாதிரி. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டுக்கும் புரியும். தனித்தனி நாடகமாக இருந்தால் அவற்றைப் படம் மாதிரி தனித்தனி ஃபோல்டரில் வைத்துவிடலாம்.

ஆனால் பெயர் வருமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் நம் கையில்தான் இருக்கிறது மாமா. இந்தத் தளங்களில் யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றுவதில்லை. தொடரைப் பார்த்தவர்கள்தான் எழுதுகிறார்கள். டிஎம்டிபியில் இலவசமாக ஒரு கணக்குத் தொடங்கினால் யாரும் சேர்க்கலாம், தமிழில் தலைப்பும் கதைச்சுருக்கமும் தனியாக எழுதலாம். அமெரிக்கத் தொடர் என்றால் ஒவ்வொரு எபிசோடுக்கும் தேதி, தலைப்பு, நடிகர்கள், படம் எல்லாம் தேடிய உடனே கிடைக்கிறது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று. இத்தனை வருடம் நாம் பார்த்ததில் எவ்வளவு எழுதி வைத்திருக்கிறோம்? நான் தேடிய பழைய தமிழ்த் தொடர்களில் பலவற்றுக்குத் தொடரின் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே எபிசோட் பட்டியல் காலியாக இருக்கிறது. சிலவற்றுக்கு அந்தப் பெயரும் இல்லை. எனக்கு அதைப் பார்க்கவே மனசு கேட்பதில்லை. அத்தை எழுதிய தேதி வேறு எங்கேயும் இல்லாத தகவலாக இருக்கலாம்.

அத்தை: என் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா! நாளைக்கே எடுத்து அனுப்புகிறேன்.

மீனா: அனுப்புங்கள் அத்தை. கேசட்டில் டைட்டில் ஓடும் இடத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள் மாமாவிடம். எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் பெயர் எல்லாம் அதில்தானே இருக்கிறது. திரையில் தெரிவதை மட்டும் ஏற்றலாம். ஞாபகத்தில் இருப்பதை நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சேர்க்கலாம், தப்பான தேதியை ஏற்றினால் அடுத்தவர்கள் அதையே நம்பி எடுத்துக்கொள்வார்கள்.

மாமா: ஏற்றுவதை நான் செய்கிறேன். ரிடையர் ஆன பிறகு உருப்படியான வேலை இது. எப்படி என்று மட்டும் ஒருநாள் வந்து காட்டு.

மீனா: சனிக்கிழமை மயிலாப்பூர் வருகிறேன் மாமா.

பெரியப்பா: கோப்புப் பெயரையே தமிழில் வைக்க முடியாதா? எனக்கு அது வசதி.

மீனா: வைக்கலாம் பெரியப்பா, நீளத்தை மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் டிவிக்குப் பின்னால் கார்த்தி வைத்த சின்னப் பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் 'க' என்றால் மூன்று, 'கி' என்றால் ஆறு. நீளமான தலைப்பு சீக்கிரம் எல்லையைத் தொட்டுவிடும். கோப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஜெல்லிஃபினில் தகவல் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டால், டிஎம்டிபியில் யாராவது தமிழில் எழுதியிருக்கும் இடத்தில் திரையில் தமிழிலேயே வரும்.

பெரியப்பா: எழுதியிருக்காவிட்டால்?

மீனா: நீங்கள் எழுதலாம். 94க்கும் கதைச்சுருக்கம் உங்களுக்குத் தெரியாததா?

பெரியப்பா: எழுதுகிறேன். எப்படியும் நோட்டு போடப்போகிறேன், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கார்த்தி: அக்கா, சப்டைட்டில் கோப்பு தனியாக இருக்கிறது. அதன் பெயர்?

மீனா: வீடியோவின் பெயர் அப்படியே, கடைசியில் மொழிக் குறி. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மாற்று, பிரிந்துவிட்டால் டிவியில் சப்டைட்டில் வராது. தலைப்பில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி வந்தால் விண்டோஸ் ஏற்காது, அதை எடுத்துவிடு.

கார்த்தி: சரி அக்கா. இன்றைக்கு ராத்திரி முதல் டிஸ்க்கை மட்டும் காப்பி எடுத்துச் செய்துவிட்டு, இரண்டு பக்கப் பட்டியலையும் இங்கே போடுகிறேன். பெரியப்பா பார்த்துச் சரி என்றதும் மீதி.