நெட்வேர்க் காட்டின்ர ரிங் பஃபரைக் கூட்டியும் டேட்டா பக்கெட் விழுகுது, ஆராவது சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கொட்டாஞ்சேனையில ஒரு அச்சகத்தின்ர ஃபைல் சேர்வர் என்ர தலையில. பழைய மெஷின், டெபியன் 12 லினக்ஸ், இன்டெலின்ர ஐ210 நெட்வேர்க் காட், அதுக்கு ஐஜிபி டிரைவர். காலமை டிசைன் பெடியள் நாலு பேரும் ஒரேயடியாப் பெரிய ஃபைல்களை ஏத்தேக்க வேகம் படுத்திடும்.

ஈத்டூலில (காட்டின்ர கணக்குகளைக் காட்டுற கட்டளை) பார்த்தா ஆர்எக்ஸ் மிஸ்ட் எரர்ஸ், அதாவது வந்தும் வைக்க இடமில்லாமல் காட் விட்ட பக்கெட்டுகள், ஏறிக்கொண்டே போகுது. சிஆர்சி எரர் (வழியில பழுதாகி வந்த பக்கெட்) பூச்சியம், அதால வயரில பிழையில்லை எண்டு நினைக்கிறன் (முதலாளி இன்னும் வயரைத்தான் ஏசுறார்). ரிங் பஃபர் (வந்த பக்கெட்டுகள் சிபியூ எடுக்கும்வரை காத்திருக்கிற இடம்) 256இல கிடந்தது, 4096 ஆக்கினன். ஆக்கின உடன லிங்க் ஒருக்கா விழுந்து எழும்பினதில ஒரு பெடியன்ர ஃபைல் பாதியில நிண்டு, அவனிட்ட நல்லா வாங்கிக் கட்டினன். எரர் குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கேல்ல. இன்ரரப்ட் (பக்கெட் வந்திட்டுது எண்டு காட் சிபியூவைக் கூப்பிடுறது) முழுக்க சிபியூவின்ர ஒரே கோரிலதான் விழுகுது.

ஆர்எக்ஸ் யூசெக்ஸ் (இன்ரரப்ட்டுகளுக்கு இடையில எவ்வளவு நேரம் விடுறதெண்ட செட்டிங்) 3இல இருக்கு. முதல்ல அதைக் கூட்டுறதோ, இல்லாட்டி ஐஆர்க்யூவை, அதாவது அந்த இன்ரரப்ட்டுகளை, எல்லாக் கோர்களுக்கும் பிரிக்கிறதோ? மற்றது, ரீபூட் பண்ணினா 256க்கே திரும்பிடுது. சிஸ்டம்டியின்ர (லினக்ஸைத் தொடக்கி வைக்கிற புரோகிராம்) லிங்க் ஃபைலில ஆர்எக்ஸ் பஃபர் சைஸைப் போட்டு ஆராவது பாவிக்கிறீங்களோ? ஞாயிறு அச்சகம் பூட்டு, அண்டைக்குத்தான் கை வைக்க ஏலும்.