புதுப்பிப்பு: கார் ஷோரூம் மிஸ்டரி ஷாப்பர் வேலை, இரண்டாவது அறிக்கை ஏற்கப்பட்டது

சென்ற மாதம் நான் கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாடிக்கையாளரைப் போலக் கார் ஷோரூமுக்குச் சென்று விற்பனையாளரின் அணுகுமுறையை மதிப்பிட்டு நான் அனுப்பிய முதல் அறிக்கை, நேரமும் தொகையும் துல்லியமாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. அங்கேயே குறிப்பெடுத்தால் சந்தேகம் வரும், எடுக்காவிட்டால் மறந்துபோகும் என்பதே என் சிக்கல்; இதை எப்படிச் சமாளிப்பது என்றுதான் கேட்டிருந்தேன்.

பலனளித்தது, விலை விவரத்தை விற்பனையாளரின் கையாலேயே எழுதி வாங்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அண்ணாச்சியின் யோசனைதான். இரண்டாவது அறிக்கைக்காகச் சென்ற வண்ணாரப்பேட்டை ஷோரூமில் விற்பனையாளரிடம், ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தருமாறு கேட்டேன். நீல மையில் எழுதித் தேதியும் இட்டுத் தந்தார். கடைசி வரியில் இருந்த 'இதர கட்டணம்' எதற்கென்று கேட்டதும், பேனாவை மூடிவிட்டு மேலாளரின் அறையைத் திரும்பிப் பார்த்தார். அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். நேரங்களை வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டேன். நான்காம் நாள் அறிக்கை ஏற்கப்பட்டது.

பதில்களில் வந்த, வேறு பெயர் கொடுக்கும் யோசனை உதவவில்லை. டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டுவிட்டார்கள்.

நான் எதிர்பாராதது, அந்த விற்பனையாளர் தம்பி அதன்பின் ஆறு முறை அழைத்ததுதான். வாங்காத ஒருவருக்காக அவர் காத்திருப்பது எனக்கு உறுத்தலாக இருந்ததால், இந்த வேலையின் ஒருங்கிணைப்பாளரின் அனுமதி பெற்று, இப்போதைக்கு வாங்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.