உயிர்நிறையா, உயிர்த்திணிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து எழுதும் விலங்குச் சூழலியல் கலைச்சொல் கையேட்டுக்காக, ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் பெரிய தாவரவுண்ணிகள் மொத்தம் எத்தனை கிலோகிராம் இருக்கின்றன என்ற அளவைக் (biomass) குறிக்க 'உயிர்நிறை' என்ற சொல்லைச் சென்னை நண்பர் முன்வைத்திருந்தார். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பில் அது வேறொன்றைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை, எடை என்று இருப்பவை எங்கள் பாடநூலில் திணிவு, நிறை. உங்கள் எடைதான் எங்கள் நிறை. அது ஒரு விசை, நியூட்டனில் அளப்பது.

போன மாதம் யானைகளை வைத்து ஒரு பயிற்சிக் கணக்குக் கொடுத்தேன். தலைப்பில் 'உயிர்நிறை' என்றே போட்டிருந்தேன். ஒரு மாணவி எல்லாவற்றையும் 9.8 ஆல் பெருக்கி, விடையை நியூட்டனில் எழுதித் தந்தாள். பிழை அவளுடையதல்ல, சொல்லினுடையது. அதனால் 'உயிர்த்திணிவு' என்பதே என் தெரிவு. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது புதுச்சொல்லாக இருக்கலாம், ஆனால் தப்பான பொருளைத் தராது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. பத்துச் சதுர கிலோமீற்றரில் 5 யானையும் 250 புள்ளிமானும் நிற்பதாக வைப்போம். அடர்த்தியை, அதாவது ஒரு சதுர கிலோமீற்றருக்கு எத்தனை என்பதைப் பார்த்தால் யானை 0.5, மான் 25. மான்தான் ஐம்பது மடங்கு. யானைக்குச் சராசரி 2,000 கிலோ, மானுக்கு 40 கிலோ என்று போட்டால் இரண்டும் சதுர கிலோமீற்றருக்கு 1,000 கிலோ, சரிசமம். அதோடும் முடியவில்லை. உடலின் சக்தித் தேவை திணிவின் முக்கால் அடுக்கோடு, அதாவது திணிவைவிட மெதுவாகக் கூடும் என்று 1932இல் உடலியலாளர் கிளைபர் காட்டினார். அந்தக் கணக்கில் ஐம்பது மானின் திணிவுள்ள ஒரு யானைக்கு ஏறக்குறைய பத்தொன்பது மானின் சக்திதான் வேண்டும். தலைகளின் எண்ணிக்கை, உடம்பின் கனம், தீனியின் தேவை என்று மூன்று தனி அளவுகள். மூன்றுக்கும் கலங்காத சொல் வேண்டும். ஆப்பிரிக்கச் சவன்னாக்களில் மழை கூடக் கூடப் பெரிய தாவரவுண்ணிகளின் உயிர்த்திணிவும் கூடுகிறது என்று 1976இல் கோ, கமிங், பிலிப்சன் மூவரும் எழுதினார்கள். ஓரிடத்தில் யானை, இன்னோரிடத்தில் வரிக்குதிரை என்று இருக்கும் நிலங்களைத் தலையெண்ணி ஒப்பிட முடியாதே!

அடுத்தது, ஓரிடத்தில் வாழும் ஓரின விலங்குகளின் மொத்தத்தைக் குறிக்கும் 'குடித்தொகை' (population). குடி என்றால் மனிதர், விலங்குக்கு எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். மட்டக்களப்பார் காதுக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். எங்களுக்குக் குடி என்பது தாய்வழி வரும் குலப்பிரிவு. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. யானைக் கூட்டமும் தாயும் மகளும் பேத்தியுமாகச் சேர்ந்ததுதான். ஆண் குட்டி வளர்ந்ததும் பிரிந்து போய்விடும். குடித்தொகை, குடித்தொகை அடர்த்தி இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நான் புதிதாகக் கேட்பது ஒரே ஒரு சொல். கூட்டத்தில் கன்றும் குட்டியும் கலந்திருக்கும்போது, வளர்ந்த விலங்கின் திணிவை எல்லாத் தலைக்கும் போட்டால் உயிர்த்திணிவு வீங்கிவிடும். குட்டிகளையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று எடுக்கும் சராசரிக்குத் 'தலைத்திணிவு' என்று வைக்கலாமா? அடர்த்தியைத் தலைத்திணிவால் பெருக்கினால் உயிர்த்திணிவு. வாய்பாடே வாக்கியமாகிவிடுகிறது.

அடர்த்தி பற்றி ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்து லாகுகல குளத்தில் வளரும் பேரு என்ற புல்லைத் தின்ன யானைகள் கூடும். அங்கே எண்ணியதைக் குளத்தின் பரப்பால் வகுத்தால் வருவது அடர்த்தி அல்ல, அவை சுற்றுக் காடுகளிலிருந்தும் வந்தவை. 2011 ஆகஸ்டில் இலங்கை முழுவதும் நீர்நிலைகளில் நின்று எண்ணியபோது 5,879 யானை என்றார்கள். அது எண்ணிக்கை. கையேட்டில் 'எண்ணிக்கை', 'அடர்த்தி' இரண்டையும் ஒரே பக்கத்தில் விளக்குவது நல்லது.

புல் மேயும் விலங்குக்கும் இலை கடிக்கும் விலங்குக்கும் 'புல்மேயி', 'குழைதின்னி' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் எங்கள் ஊரில் இரண்டாவதற்கு விளக்கமே தேவையில்லை. யானை இரண்டும் செய்யும். அதை எதில் சேர்ப்பது என்று சொல்லுங்கள்.