கடலூர், புதுச்சேரியில் கிளிக்கு இன்று இரவே வைத்தியம் பார்ப்பவர் யாராவது உண்டா?

வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எங்கள் காக்கட்டீல் (கொண்டை உள்ள சிறிய வளர்ப்புக் கிளி) ஜோடியில் ஆண் கிளி சாயங்காலம் மின்விசிறியில் அடிபட்டுவிட்டது. இடது இறக்கை தொங்குகிறது. இறகின் அடியில் கசிந்த ரத்தம், சோளமாவு வைத்து மெதுவாக அழுத்தியதும் நின்றது. 100 கிராம்கூட இல்லாத உடம்பு, எவ்வளவு ரத்தத்தைத் தாங்கும்?

அட்டைப் பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டு, துணி விரித்து, கதகதப்பாக இருட்டில் வைத்திருக்கிறோம். கண்ணை மூடி மூடித் திறக்கிறது. பெண் கிளி கூண்டுக் கம்பியில் தொற்றிக்கொண்டு கூப்பிட்டபடியே இருக்கிறது. கேட்கவே முடியவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர்; தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

காலையில் புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம். அங்கே பறவையைக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மணிக்குப் போனால் சரியாக இருக்கும்? அதற்கு முன்னால் இன்று ராத்திரியே பார்க்கக்கூடிய மருத்துவர் இருந்தால் உடனே சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் வண்டியில் வந்துவிடுகிறோம்.